வாசலைத் தாண்டிப் போன கேரியர்

பெட்டியக்கா பொறாமைப்படுவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டியதில்லை. எதிர்வீட்டுக்காரி துணி காயப்போட்டால் அந்தக் கொடியில் மட்டும் வெயில் கூடுதலாக விழுகிறது என்று தோன்றும். குழாயடியில் தனக்கு முன்னால் நிற்பவளின் குடம் மட்டும் சீக்கிரம் நிரம்புகிறது என்று தோன்றும். "எனக்குன்னு வந்தா மட்டும் ஏன்டி இப்படி?" என்று கேட்காமல் அவளுக்குப் பொழுது போனது கிடையாது. அதற்காக அவளைக் கெட்டவள் என்று சொல்லிவிடாதீர்கள். கை நிறைய வேலை, வாய் நிறையப் பேச்சு, வயிறு நிறைய எரிச்சல். அந்தப் பொம்பளை அவ்வளவுதான்.

இஸ்திரி போடுவது அவள் தொழில். கரி போட்டு ஊதிச் சூடாக்குகிற பழைய கனத்த பெட்டி. அதைத் தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிடக் கொஞ்சம் இறங்கிப்போயிருந்தது. பெட்டியக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். சரக்கு ரயில் நின்று மூட்டை இறக்குகிற இடத்துக்குப் பின்னால் இரண்டு வரிசை தகரக் கூரை வீடுகள். ஆம்பிளைகள் மூட்டை தூக்கப் போவார்கள். பொம்பளைகள் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடுக்குமாடி வீடுகளுக்குப் பெருக்கித் துடைக்கப் போவார்கள். அதே மாடி வீடுகளின் சட்டைகளும் பேன்ட்டுகளும் மூட்டையாகக் கட்டி இவளிடம் வரும்.

புருஷன் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வாட்ச்மேன். நல்ல மனுஷன், வாயைத் திறந்தால் கொட்டாவி விடத்தான் திறப்பான். பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரி, மருந்து, மாத்திரை எல்லாம் பார்த்து ஓய்ந்தாயிற்று. அதைப் பற்றி அவளாக யாரிடமும் பேச மாட்டாள். வேறு யாராவது பேசினால் அவர்களைச் சும்மாவும் விடமாட்டாள்.

பக்கத்து வீட்டில் அவள் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி. நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். ஓரகத்திக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன், நடுவுள்ளவள், கடைக்குட்டி. மூன்றும் சேர்ந்து சிரித்தால் பலகை அதிரும். "பெத்துப் போட்டா மட்டும் போதுமா, அடக்கி வளக்கத் தெரிய வேணாமா?" என்று இந்தப் பக்கமிருந்து பெட்டியக்கா கத்துவாள். "அதுக்கு மொதல்ல பெத்துப் போடணும்ல!" என்று ஒருநாள் அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அவசரத்துக்கு மட்டும்தான்.

இந்த நிலைமையில்தான் பள்ளிக்கூடம் வந்தது.

பள்ளிக்கூடம் என்றால் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. நிற்கிற சரக்கு வண்டிக்கு அடியில் குனிந்து நுழைந்து போனால்தான் நேரத்துக்குப் போக முடியும். அப்படிப் போன ஒரு பிள்ளைக்கு வண்டி நகர்ந்து பாதம் போனது. அன்றோடு ஒருத்தரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. தெருவெல்லாம் பிள்ளைகள் கோலி உருட்டிக்கொண்டு திரிந்தன. தண்ணி லாரி டிரைவர்தான் கூட்டம் போட்டான். "நாம ஊருக்கெல்லாம் மூட்டை சுமக்குறோம். நம்ம பிள்ளைகளுக்கு நாலு சுவர் சுமக்க மாட்டமா?" என்று கேட்டான். பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இடத்துக்கு எங்கே போவது?

வரிசைக் கடைசியில் ஒரு பழைய சாக்குக் கொட்டகை இருந்தது. உரிமையாளர் கைவிட்டுப் போனது. அதில்தான் பெட்டியக்கா பல வருஷமாக மேசை போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மழைக்கு நனையாத ஒரே இடம். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது.

"என்ன எல்லாரும் என் மூஞ்சியப் பாக்குறீங்க? எடுத்துக்கங்க. நான் என்ன சாகுற வரைக்கும் பட்டா போட்டா வச்சிருக்கேன்?" என்றாள்.

மேசையை வெளியே இழுத்து வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டாள். அன்று தெருவே அவளைக் கொண்டாடியது. ஓரகத்திகூட, "எங்கக்கா மனசு யாருக்கு வரும்?" என்றாள். இடிக்கிற பழைய கட்டடத்திலிருந்து செங்கல் கேட்டு வாங்கினார்கள். வேலை முடிந்து வந்த உடம்போடு எல்லாரும் தலையில் சுமந்து வரிசையாகக் கொண்டுவந்தார்கள். பெட்டியக்கா இரண்டு ஆள் வேலையைச் செய்தாள். மற்றவள் தலையில் எத்தனை கல் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பாள், தன் தலையில் ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்வாள். சுவர் எழும்பியது, தகரம் ஏறியது, உள்ளே பலகை அடித்து ஓர் ஓரத்தை டீச்சருக்கென்று மறைத்துக் கொடுத்தார்கள். டீச்சரும் கிடைத்தாள். மெலிந்த சின்னப் பெண். இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

தெருவால் கொடுக்க முடிந்த சம்பளம் டீச்சரின் பஸ்சுக்கே சரியாகப் போகும் போலிருந்தது. அதனால் டிரைவர் ஒரு யோசனை சொன்னான். மதியச் சாப்பாட்டைத் தெரு கொடுக்கட்டும், முறை வைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கென்று மூன்றடுக்குக் கேரியர் ஒன்று வாங்கினார்கள். யார் முறையோ அவர்கள் வாசல் ஆணியில் முந்தின சாயங்காலமே அது தொங்கும். மறுநாள் சமைத்துக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம். சாயங்காலம் காலிக் கேரியரை வாங்கிக் கழுவி அடுத்த வாசலில் மாட்ட வேண்டும்.

"பள்ளிக்கூடத்துல படிக்கிற ஆள் இருக்கிற வீட்டுக்குத்தான் முறை. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள்" என்றான் டிரைவர். அப்புறம் பெட்டியக்கா பக்கம் திரும்பி, ரொம்பக் கரிசனமாக, "உங்களுக்கு எதுக்குக்கா அந்தச் சிரமம்? நீங்க இடம் குடுத்ததே போதும்" என்றான்.

நல்லதாக நினைத்துத்தான் சொன்னான், பாவி. அவளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கூட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டாள். வீட்டில் புருஷனிடம் கொட்டினாள்.

"கறிவேப்பிலையா நான்? வாசனைக்கு வேணும், வாய்க்கு வேணாமா? இடம் என்னது! கல்லு சுமந்த தலை என்னது! சோறு போட மட்டும் நான் ஆகாதவளா?"

"விடு, ஒரு வேலை மிச்சம்னு இரு" என்றான் வாட்ச்மேன்.

"உனக்கு என்ன தெரியும்? தூங்கு போ."

அந்தக் கேரியர் வாசல் வாசலாக நடக்க ஆரம்பித்தது. இடது பக்கத்து வீட்டுக்காரி சாயங்காலம் கழுவித் துடைத்துப் பளபளவென்று எடுத்து வருவாள். பெட்டியக்கா வாசலுக்கு நேராக வரும்போது நடை கொஞ்சம் வேகமாகும். நேரே ஓரகத்தி வாசலில் போய் மாட்டுவாள். அங்கே மூன்று பிள்ளைகள், ஆக மூன்று நாளும் அங்கேயே தொங்கும். மரத்தடியில் சட்டைக் காலரை அழுத்திக்கொண்டு பெட்டியக்கா அதையே பார்ப்பாள். ஒரு மாடிவீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை தீய்ந்தது அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான்.

தெருவில் ஒரு புதுப் பெருமை வேறு கிளம்பியது. யார் கேரியர் காலியாகத் திரும்புகிறது என்பதுதான் பேச்சு. அதில் ஓரகத்தியை அடித்துக்கொள்ள ஆளில்லை. குழாயடியில் நின்று, "நேத்து டீச்சர் வழிச்சு நக்கிட்டாங்க. கழுவவே வேலையில்ல!" என்பாள். சொல்லும்போது கண் பெட்டியக்கா பக்கம் ஓரமாக ஒரு தரம் போய் வரும். பெட்டியக்காவுக்கு உள்ளுக்குள் கரி கனன்றது. இவள் சமையலை நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும், அதற்கு இத்தனை மவுசா? இவளுக்கு மூன்று நாள், எனக்கு ஒரு நாள் இல்லையா?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஓரகத்தி வாசலுக்கே போனாள். மானத்தை மடியில் கட்டிக்கொண்டுதான் போனாள்.

"இந்தா, ஒண்ணு கேக்குறேன். நடுவுள்ளவள என் வீட்டுக் கணக்குல போட்டுடேன். பேருக்குத்தான். அவ உன்கூடத்தான் இருக்கப் போறா. எனக்கு ஒரு நாள் முறை வரும்."

ஓரகத்தி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டாள். "பிள்ளை என்னக்கா, இரவல் பாத்திரமா? எடுத்துட்டுப் போயி சமைச்சுட்டுத் திருப்பிக் குடுக்க?"

சத்தமாகத்தான் சொன்னாள். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். பெட்டியக்கா திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் அந்த யோசனை வந்தது.

மறுநாள் காலையில் தலை வாரி, நல்ல புடவை கட்டி, ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்றாள். டிரைவரும் அங்கேதான் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தான்.

"டீச்சர், ஒரு ஆளைச் சேக்கணும்."

"யாருக்கா? பிள்ளை எங்க?"

"பிள்ளை இல்ல. நான்தான்."

டிரைவர் கையிலிருந்த குழாயை நழுவவிட்டான். "என்னக்கா விளையாட்டு இது?"

"என்ன விளையாட்டு? படிக்கிற ஆள் இருக்கிற வீட்டுக்குத்தானே முறை? எங்க வீட்டுல இப்ப ஒரு ஆள் படிக்குது. மதியம் வரைக்கும் படிப்பேன், அப்புறம் என் பொழப்பப் பாப்பேன். எனக்கும் ஒரு எழுத்தும் தெரியாது, உன் பிள்ளைக்கும் தெரியாது. அவனைச் சேத்துக்கிட்டாங்கல்ல?"

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்கக்கா, உக்காருங்க" என்றாள்.

தெருவே வந்து எட்டிப் பார்த்தது. பொடிசுகளுக்கு நடுவே காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேனைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "என்ன மாமா, வீட்டுப் பாடம் நீதான் சொல்லிக் குடுக்குறியா?" என்றார்கள். அவன் கொட்டாவி விட்டான்.

குணம் எங்கே போகும்? பள்ளிக்கூடத்திலும் கூடவே வந்தது. ஓரகத்தியின் கடைக்குட்டி அவளுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அதன் சிலேட்டைப் பார்த்து டீச்சர் "சபாஷ்" என்றால் பெட்டியக்காவுக்கு முகம் சுண்டிப்போகும்.

"டீச்சர், அவளுக்கு மட்டும் ரெண்டு சபாஷ். எனக்கு ஒண்ணுதானா?"

"உங்க எழுத்து கோட்டை விட்டு இறங்குதுக்கா."

"தோளு இறங்கியிருக்கு, எழுத்து இறங்காதா?" என்றாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. மணி அடித்ததும் ஓட்டமாக ஓடி மரத்தடிக்குப் போய்க் கரி ஊதுவாள். துணி தாமதமானால் மாடிவீட்டுக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள்.

கடைசியில் அந்தச் சாயங்காலமும் வந்தது. இடது பக்கத்து வீட்டுக்காரி கேரியரைக் கொண்டுவந்து பெட்டியக்கா வாசலில் மாட்டினாள். அந்த ஆணியை அவள் அடித்து வைத்து எத்தனையோ நாளாயிற்று. கேரியரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். கழுவி வந்ததை மறுபடி கழுவினாள். விடிவதற்கு முன்னாலேயே அடுப்பு மூட்டினாள். ஓர் அடுக்கில் சோறு, ஓர் அடுக்கில் பருப்பும் கீரையும், மேலடுக்கில் வறுத்த மீன். மீனுக்காக அதிகாலையில் சந்தைக்கே போய் வந்திருந்தாள். வாசனை பலகைச் சுவரைத் தாண்டட்டும் என்று ஜன்னலை வேண்டுமென்றே திறந்துவைத்தாள்.

அன்றைக்கு மணி அடித்தும் அவள் ஓடவில்லை. சாப்பிடுகிறவர்கள் வாயைப் பார்க்கக் கூடாது, கண் பட்டுவிடும் என்பார்கள். அதனால்தான் எந்தத் தாயும் நின்று பார்த்தது கிடையாது. பெட்டியக்காவுக்கு மனசு கேட்கவில்லை. டீச்சர் முதல் வாய் வைக்கும்போது முகம் எப்படிப் போகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்குச் சாப்பிட ஓடிய பிறகு, மெல்லப் பலகை மறைப்பின் ஓரம் போய் நின்று எட்டிப் பார்த்தாள்.

உள்ளே டீச்சர் மட்டும் இல்லை. வரிசையாகச் சில பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தன. டீச்சர் கேரியரைப் பிரித்து எல்லார் தட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்தாள். மீனைப் பிய்த்து முள் எடுத்துப் போட்டாள். தனக்கென்று அடியில் ஒட்டியிருந்ததைப் போட்டுக்கொண்டு, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள்.

வரிசையின் ஓரத்தில் இருந்த மூன்றும் ஓரகத்தியின் பிள்ளைகள்.

பெட்டியக்காவுக்கு முதலில் வந்தது கோபம்தான். நான் யாருக்குச் சமைத்தேன், யார் தின்கிறார்கள்? அடுத்து விஷயம் புரிந்தது. சரக்கு ரயிலில் மூட்டை இறக்க இயந்திரம் வந்ததிலிருந்து கொழுந்தனுக்குப் பாதி நாள் வேலையில்லை என்று வாட்ச்மேன் கொட்டாவிக்கு நடுவே எப்போதோ சொல்லியிருந்தான். அந்த வீட்டில் மதியம் உலை வைப்பதே டீச்சர் முறைக்கு மட்டும்தான். மூன்று நாள் கேரியரை நிரப்புகிறவள் மற்ற நாளெல்லாம் இதுகளைப் பட்டினியாகத்தான் அனுப்பியிருக்கிறாள். புரிந்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எப்படிச் சொல்ல! மாட்டினாயாடி மகளே! வழிச்சு நக்கிட்டாங்களா? நக்கினது யாரு? உன் பிள்ளைகளாடி! சாயங்காலம் குழாயடியில் வைத்து உரித்துத் தொங்கவிடுகிறேன் பார்.

கடைக்குட்டிதான் அவளைப் பார்த்தது. "பெரிம்மா! இன்னிக்கு உங்க சாப்பாடா? நல்லாருக்கு பெரிம்மா!"

நடுவுள்ளவள் வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே தட்டுக்கு இறக்கினாள். முகம் வெளுத்துவிட்டது.

"பெரிம்மா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. யாரு கேட்டாலும் வீட்டுலயே சாப்பிட்டோம்னு சொல்லணும்னு அம்மா சொல்லிருக்கு. நாங்க இங்க சாப்பிடறது அம்மாவுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பசி போகாத தட்டு அது. பாதி மீன் அப்படியே இருந்தது, கண் அந்த மீனிலேயே இருந்தது. டீச்சர் பெட்டியக்காவைப் பார்த்தாள்.

"ஏய், சாப்பிடு. மீனு ஆறுனா கவிச்சியடிக்கும்" என்றாள் பெட்டியக்கா. குரல் அவளுக்கே வேறு யார் குரலோ போலிருந்தது. அங்கே நிற்க முடியவில்லை, வந்துவிட்டாள்.

சாயங்காலம் காலிக் கேரியரோடு குழாயடிக்குப் போனாள். தெருவே அங்கேதான் நின்றது, டிரைவரின் லாரியும் நின்றது. ஓரகத்தி இடுப்பில் குடத்தோடு காத்திருந்தாள்.

"என்னக்கா, டீச்சர் சாப்பிட்டாங்களா? இல்ல, மிச்சம் மீதிய நாய்க்குப் போட்டீங்களா?"

பெட்டியக்காவின் நாக்கு நுனியில் எல்லாம் வந்து நின்றது. ஒரு வார்த்தை போதும். இவள் தலை இந்த ஜன்மத்துக்கு நிமிராது. எத்தனை நாள் எரிச்சலுக்கு மருந்து அது!

"காலிதான்" என்றாள். "ஆனா உன் கை ருசி வரலைன்னு சொல்லிட்டாங்க."

"பாத்தீங்களா!" என்று ஓரகத்தி எல்லார் பக்கமும் திரும்பிச் சிரித்தாள். பெட்டியக்காவுக்கு வயிறு பற்றி எரிந்தது. பொய்யைச் சொன்னவளே அவள்தான், ஆனாலும் எரிந்தது. கேரியரைக் கீழே வைக்காமல் அப்படியே டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"இந்தாப்பா டிரைவரு, இது என்ன நியாயம்? அவளுக்கு மூணு நாளு, எனக்கு ஒரு நாளா? நாங்க ரெண்டே பேரு, அவங்க அஞ்சு பேரு. சமைச்சுக் குடுக்க யாருக்கு வசதி? அவ முறை மூணும் இனிமே எனக்கு வேணும்."

ஓரகத்தியின் குடம் இடுப்பிலிருந்து நழுவியது.

"அடிப்பாவி! இருக்கிற ஒரு பெருமையும் உனக்குப் பொறுக்கலையா? என் பிள்ளைங்க பேருல உள்ள முறைய நீ பிடுங்குவியா?"

"பிடுங்கத்தான் போறேன். இடம் குடுத்தவ நான். இல்லைன்னா நாளைக்கே மேசையத் தூக்கிட்டு வந்து கொட்டகைக்கு நடுவுல போட்டுடுவேன். பாத்துக்குங்க."

"என்ன பொம்பளைம்மா இவ" என்றார்கள் சுற்றி நின்றவர்கள். "வயித்தெரிச்சல் பிடிச்சவ" என்று ஒருத்தி காறித் துப்பினாள். "பிள்ளை இல்லாத வீட்டுல இப்படித்தான்" என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள். அதுவும் அவள் காதில் விழுந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த வாயைக் கிழித்திருப்பாள். டிரைவர் தலையைச் சொறிந்தான். சண்டை வேண்டாம் என்று, "சரிக்கா, எடுத்துக்க, எடுத்துத் தொலை" என்றான்.

ஓரகத்தி அழுதுகொண்டே கிட்ட வந்தாள். "மனசாட்சி இருக்கா உனக்கு? பொறாமைதானே இது? சொல்லு, பொறாமைதானே?"

பெட்டியக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்ததை இத்தனை நாளும் கவனிக்கவில்லை.

"ஆமாண்டி, பொறாமைதான்" என்றாள். "உன்மேல எனக்குப் பொறாமை இல்லாம வேற யாருக்கு இருக்கும்? போ, போயி இருக்கிற அரிசிய உன் பிள்ளைங்களுக்கு ஆக்கு."